மணியம் அண்ணன் சொன்ன ‘இல்லை’

பினாங்கு விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி, என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கூட்டத்துக்கு என்றேன். என்ன கூட்டம் என்றார். சும்மா இருந்திருக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகின்றன, அதில் ஆபத்து எவ்வளவு என்று மதிப்பிடுகிற கூட்டம் என்று விளக்கமாகச் சொன்னேன். அதுவரை என் கடவுச்சீட்டைச் சாவகாசமாகப் புரட்டிக்கொண்டிருந்தவர், அதை விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் சளி, சீழ், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று சொல்வது என் பிழைப்பு. என் தொழிலைக் கேட்டதும் பிறர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது எனக்குப் பழகிப்போனது.

ஆனால் பினாங்கு எனக்கு வெளியூர் அல்ல. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் முதல் வேலைக்கு இங்கேதான் வந்தேன். டத்தோ கிராமாட் என்ற பகுதியில் கமலா அக்கா வீட்டு மாடியறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். அன்றைக்கு விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, ‘மதுரைப் புள்ளைதானே?’ என்று கேட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர்தான் அக்காவின் வீட்டுக்காரர் மணியம் அண்ணன். தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவர். அந்த இரண்டு வருடத்தில் நான் ஊருக்குப் போய் எத்தனை முறை திரும்பி வந்தாலும் அவர் வந்து நிற்பார். இந்த முறை வரவில்லை. ‘அண்ணனுக்கு பதிலா பஸ் ஓட்ட ஆள் இல்ல. நாளைக்கி வீட்டுக்கு வந்துரு’ என்று அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

கோபத்தோடு நேராக நாசி கண்டார் கடைக்குப் போனேன். ஒரே சோற்றின் மேல் ஐந்தாறு குழம்பைக் கலந்து ஊற்றித் தருகிற கடை. எங்கள் ஊரில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே பாத்தி கட்டிச் சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்தால் எழுந்து போய்விடுவார்கள். கரண்டியோடு நின்ற தமிழ் முஸ்லிம் அண்ணன், “குவா பஞ்சிர் போடவாக்கா?” என்றார். குழம்பு வெள்ளமாக ஓட வேண்டுமா என்று அர்த்தம். இந்த இரண்டு சொற்களைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டுவிட்டுப் பழைய வீட்டைப் பார்க்கப் போனேன். வீடு இருக்கிறது. கீழே காப்பிக்கடை, சுவரில் ஒரு சைக்கிளை மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் படுத்துக் கிடந்த மாடியறையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

படுத்துக் கிடந்த என்று சொன்னது பேச்சுக்கு அல்ல. வந்த ஆறாவது மாதம் எனக்கு டெங்கிக் காய்ச்சல். அந்த அறையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் விட மாட்டார்கள். மணியம் அண்ணனுக்கு வேலை முடிவதே அதற்குப் பிறகுதான். சீருடையோடு, பிளாஸ்டிக் பையில் கட்டிய பார்லித் தண்ணீரைத் தொங்கவிட்டுக்கொண்டு வார்டு வாசலில் வந்து நிற்பார். நீங்கள் யார் என்று மிஸ்ஸி கேட்டாள். இந்த ஊரில் நர்ஸுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர், எந்தப் பேச்சுக்கும் வால் ‘லா’தான். அண்ணன் கண்ணைக்கூட இமைக்காமல், “தங்கச்சி லா” என்றார். சொந்தக்காரர் என்று காட்ட அவர் கையில் அட்டையும் இல்லை, முகத்தில் என் ஜாடையும் இல்லை. அவள் விட்டுவிட்டாள். எட்டு நாளும் வந்தார்.

நான் வந்திறங்கிய மறுநாள் கூட்டம். ஆறு நாட்டுக்காரர்கள் ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நாட்டுக்கு ஒன்றாகப் பெரிய அட்டவணை, முதலில் மலேசியாவுக்கு. கிருமி எந்த வழியாக நாட்டுக்குள் வரும் என்பது ஒரு பக்கம்: இறைச்சி, மீன், சுற்றுலாப் பயணிகள், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒவ்வொரு வழிக்கும் நேரே ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்று மூன்று கட்டம். பேசி ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும். கேட்பதற்குச் சுலபம். மீனுக்கே காலைத் தேநீர் நேரம் வரைக்கும் சண்டை போட்டோம்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள் வரிசை வந்தபோது எல்லோரும் மரியாதையாக என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். இந்தியாவைத்தான் நினைக்கிறார்கள் என்று தெரிய எனக்கு அது போதும். மலேசியாவின் சார்பில் வந்திருந்த டாக்டர் நூரின், இங்கே ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, கடந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்களா என்று கேட்பதாகச் சொன்னார். ஆமாம் என்றால் தனி அறை, தனிப் பரிசோதனை. “ஆமாம் என்று சொல்கிறவர்கள் எவ்வளவு பேர்?” என்று நான் கேட்டேன். மிகவும் சொற்பம் என்றார். நான் பிடித்துக்கொண்டேன். “அப்படியானால் குறைவு என்று போடுங்கள். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் பயப்படுவதை ஆபத்து மதிப்பீடு என்று சொல்லாதீர்கள்.” நூரின் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘குறைவு’ கட்டத்தில் குறி போட்டார். மத்தியானம் எனக்கு நல்ல பசி எடுத்தது.

சாயங்காலம் பாகான் டாலாமுக்குக் கிளம்பினேன். அக்காவும் அண்ணனும் கடலைத் தாண்டி அங்கே குடிபோய்ப் பல வருடமாகிறது. பழைய ஞாபகத்தில் யாரையும் கேட்காமல் ஒரு பஸ்ஸில் ஏறினேன். அது படகுத்துறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் போனது. நான் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்த ஒரு சீன அம்மா ஓட்டுநரிடம் மலாயில், இந்த இந்தியப் பெண்மணி தொலைந்துவிட்டாள் போலிருக்கிறது, வாய் திறந்து கேட்க வெட்கப்படுகிறாள், எதிர்ப்பக்கப் பஸ் வரும் இடத்தில் இறக்கிவிடு என்று சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இருபது வருடமாகப் பேசாத மொழி. வழி தவறியதே மறந்து சந்தோஷமாக இருந்தது. மலாயிலேயே நன்றி சொன்னேன். அந்த அம்மாதான் வெட்கப்பட்டுப் போனார். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது.

என் காலத்துப் படகு இரண்டு தட்டு இரும்புப் படகு. கீழே காரெல்லாம் ஏறும். தீவுக்கு வருகிறவர்களிடம்தான் காசு வாங்குவார்கள், போகிறவர்களைக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் காரணமே இல்லாமல் போய்த் திரும்புவோம். இப்போது சின்னதாக, குளிரூட்டிய படகு. காற்றும் இல்லை, எண்ணெய் வாடையும் இல்லை. அந்த எண்ணெய் வாடைக்காக ஒருத்தி ஏங்குவாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

“என்ன இப்படி நனைஞ்சி வந்திருக்க? ஒரு காடி புக் பண்ணி வந்திருக்கலாம்லா” என்று அக்கா துண்டை நீட்டினார். காடி என்றால் இங்கே கார். வீட்டில் அண்ணனின் செருப்பு இருந்தது. அண்ணன் இல்லை.

“பஸ் இன்னும் வரலையாக்கா?”

அக்கா என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “பஸ்ஸும் இல்ல, ஒன்னும் இல்ல சுமதி. அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்காரு. புது சப்பாத்து கடிச்சி கால்ல புண்ணு. இனிப்பு நீர் வேற, உங்க ஊர்ல சக்கரைம்பீங்களே. முந்தாநாளே சேத்தாச்சி. கூட்டத்துக்கு வர்ற புள்ளைக்கி சொல்லாதேன்னுட்டாரு.”

“எந்தக் கால்?”

“வலது.”

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அக்கா பேசினார். ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் மூன்று நாளில் அடங்காவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிம்பாங் அம்பாட் தொழிற்சாலைக்கு இருபத்தேழு வருடமாக ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். “பிரேக்க எதால லா மிதிப்பாரு?” என்று அக்கா கேட்டார்.

ஆறு கட்டில் வார்டு. அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “நாசி கண்டார் சாப்டியா இல்லியா?” என்றார். உரித்த சுளைகளைப் பக்கத்துக் கட்டில் சீனக் கிழவருக்கு நீட்டினார். அவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். என் கைக்கும் இரண்டு சுளை வந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணனும் அக்காவும் மதுரைக்கு வந்திருந்தார்கள். மீனாட்சியைப் பார்த்துவிட்டு ராமேசுவரம் போவதாக ஏற்பாடு. வந்த இடத்தில் அண்ணனுக்குச் சிறுநீரகக் கல் வந்து துடித்துப்போனார். எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தேன். சிறுநீர் போகக் குழாய் வைத்து ஐந்து நாள் படுத்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்லித் தண்ணீர் கொடுத்தேன். பழைய கடனில் ஒரு துளி அடைத்துவிட்டதாக எனக்குப் பெருமை.

அந்த மாதிரி குழாய் வைத்துப் படுத்திருப்பவர்களிடம்தான் என் தொழிலின் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். உடம்பில் தொந்தரவில்லாமல் மாதக்கணக்கில் குடியிருக்கும். ஒரு புண் கிடைத்தால் இறங்கிவிடும். சீழை வளர்த்து முடிவு சொல்ல நாலைந்து நாளாகும். அதுவரை டாக்டர் ஊகித்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். அந்த ஊகத்துக்காகத்தான் அந்தக் கேள்வியே.

“அண்ணே, சேக்கும்போது மிஸ்ஸி ஒன்னு கேட்டிருப்பாங்களே. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இருந்தீங்களான்னு.”

“கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னேன்.” அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முகத்தில் ஒரு சாமர்த்தியச் சிரிப்பு. “மதுரைன்னு சொன்னா, ஓ, இந்தியாவான்னு மூஞ்சிய ஒரு மாதிரி வைப்பாங்க. உன் ஆஸ்பத்திரி பேர எழுதிக்குவாங்க. அஞ்சு நாளும் என்னைய ராஜா மாதிரி பாத்துக்கிட்டீங்க. அத போயி நான் காட்டிக் குடுப்பனா லா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மிஸ்ஸி பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் காலையில் என் வாயால் வாங்கிய ‘குறைவு’ என் கண்முன்னே நின்றது. சொன்னால் எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் இந்த ஊர்க் கோப்பில் ஏறும். நாளைக்கே நூரின் காதுக்குப் போகும். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அண்ணனின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். இதை எழுதுகிறபோதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் படகில் கையை முகர்ந்தேன். ஆரஞ்சு வாசம் இருந்தது. அண்ணனின் விரல் பட்ட சுளை, கிழவரின் வாய், மற்ற நாலு கட்டில் என்று மனம் தானாக ஓடியது. எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன், கிருமிக்குக் கால் கிடையாது, நம் கைதான் அதற்குக் கால் என்று. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். நூரின் சொன்ன அந்தச் சொற்பம், ஊருக்கு விசுவாசமான எத்தனை மணியம் அண்ணன்கள் சொன்ன ‘இல்லை’யால் ஆனதோ. அதை வைத்துத்தான் நான் வாதாடி ஜெயித்திருந்தேன்.

மறுநாள் காலை கூட்டத்துக்குப் போகவில்லை. முதல் படகில் ஏறி வார்டுக்குப் போய், மிஸ்ஸியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அண்ணனின் கோப்பை எடுத்து, அந்தக் கேள்விக்கு நேரே இருந்த ‘இல்லை’யை அடித்தாள். எந்த ஆஸ்பத்திரி, எழுத்து சொல்லுங்கள் என்றாள். நீளமான பெயர். பேனாவை வாங்கி நானே எழுதினேன். குழாய் வைத்தது, ஐந்து நாள், எந்த வார்டு, எல்லாம் எழுதினேன். அரை மணியில் டாக்டர் வந்தார். மருந்தை மாற்றினார்கள். கட்டிலோடு அண்ணனைத் தள்ளிக்கொண்டு போய்க் கோடித் தனி அறையில் விட்டார்கள். கதவில் மஞ்சள் அட்டை மாட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் அங்கியும் கையுறையும் போட வேண்டும்.

நான் அவற்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் என் கையுறையைப் பார்த்தார்.

“நீயே சொல்லிட்டியா?”

“ஆமாண்ணே. சொன்னாத்தான் சரியான மருந்து—”

“மிஸ்ஸி முன்னால என்னைய பொய்க்காரன் ஆக்கிட்ட. பெரிய நோய்க்காரன் மாதிரி மூலையில வச்சிட்டாங்க. அந்த சீன அங்கிள் என்னைய எப்படி பாத்தாரு தெரியுமா?” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “நான் உனக்காகத்தான் லா சொன்னேன்.”

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தேன். வெளியே அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “பாகான் டாலாம் பூரா பேசுவாங்க” என்று மட்டும் சொன்னார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அக்கா தோளைத் தட்டிக் கொடுக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

அங்கிருந்தே மதுரைக்குப் போன் போட்டேன். அண்ணன் படுத்திருந்த வார்டில் அந்த மாதம் இருந்தவர்களின் மாதிரிகளையெல்லாம் எடுத்து மறுபடி பாருங்கள் என்றேன். “என்ன மேடம், அங்க யாராச்சும் நம்மளக் குத்தம் சொல்றாங்களா?” என்று என் உதவியாளர் கேட்டாள். நான்தான் சொல்கிறேன் என்றேன்.

கூட்டத்தின் நான்காம் நாள் எழுந்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்கள் வரிசையில் போட்ட ‘குறைவு’ என்னால் வந்தது, அதை அழித்துவிடுங்கள் என்றேன். ஏன் என்பதையும், எங்கள் ஆஸ்பத்திரியின் பெயர் உட்படச் சொன்னேன். நூரின் அண்ணனின் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, “அதிகம் என்று போட்டுவிடட்டுமா?” என்றார்.

“தெரியாது என்று போடுங்கள்.”

“அப்படி ஒரு கட்டம் இல்லையே.”

“சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கிற விதத்தையும் மாற்றச் சொல்லுங்கள். எந்த நாடு என்று எடுத்ததும் கேட்டால் எங்கள் ஆட்கள் ஊர் மானத்தைக் காப்பாற்றக் கிளம்பிவிடுவார்கள். சொன்னால் உங்களுக்குச் சரியான மருந்து சீக்கிரம் கிடைக்கும் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்.”

நான்காவது கட்டம் வந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, கோணலாகக் கையால் போட்ட கோடு. தங்கள் நாட்டு அட்டவணையிலும் அதையே போடச் சொல்லி, பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு நாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் எனக்கு விமானம். மத்தியானம் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். வழியில் செண்டோல் வண்டியைப் பார்த்தேன். கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிய அந்த ஐஸை, எங்கள் ஊர் ஜிகர்தண்டாவுக்கு ஈடாகாது என்று முன்பெல்லாம் அண்ணனைச் சீண்டுவேன். அவர் உண்மையாகவே கோபித்துக்கொள்வார். ஒரு வாய்கூட இறங்காது என்று தோன்றியது. வாங்கவில்லை.

வார்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. “காச்சல் விட்டுருச்சி சுமதி. ராத்திரியே விட்டுருச்சி. ரிசல்ட்டும் வந்துருச்சி. நீ பயந்த அதே கிருமிதானாம். முன்ன போட்ட ஊசி எதுக்கும் அது சாகாதாம். இப்ப போடுறது கேக்குதாம். சுண்டுவிரல மட்டும் எடுக்கணும்னு சொல்றாரு டாக்டர். காலு நிக்கும்.” பிறகு, கேட்காமலே சொன்னார்: “அந்த சீன அங்கிளுக்கு ஒன்னும் இல்லையாம். செக் பண்ணிட்டாங்க.”

அந்தக் கிருமி எங்கள் வார்டில்தான் ஒட்டிக்கொண்டதா என்று உறுதியாகச் சொல்ல மதுரையிலிருந்து முடிவுகள் வர வேண்டும். எனக்கென்னவோ சந்தேகம் இல்லை. கோடி அறைக்குப் போய், கதவருகே மாட்டியிருந்த அங்கியை எடுத்தேன். கடமையில் இருந்தவள் புது மிஸ்ஸி, தமிழ்ப் பெண். ஓடி வந்து தடுத்தாள்.

“அக்கா, இந்த ரூமுக்கு சொந்தக்காரங்க மட்டும்தான். வைஃப் வந்து போயாச்சி. நீங்க யாரு?”

யார் என்று சொல்வது. அவரைத் தனியறையில் அடைக்க வைத்தவள் என்றா, அவருக்கு நோய் கொடுத்த ஆஸ்பத்திரிக்காரி என்றா. மூன்று நாளாக அவர் என் பக்கம் திரும்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லியிருக்கக்கூடிய சொல் எனக்கு வரவில்லை. அங்கியை மடித்துத் திரும்ப மாட்டினேன். “பரவாயில்லம்மா. வெளியிலேருந்தே பாத்துட்டுப் போறேன்” என்றேன்.

கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளிருந்து, சுவர்ப் பக்கம் திரும்பியபடியே அண்ணனின் குரல் வந்தது.

“உள்ள விடு மிஸ்ஸி. தங்கச்சி லா. மதுரையிலேருந்து வந்துருக்கு.”